உதவி: ஈ.கோலையில் ஜி.டி.எச். ஜீன் இல்லை, ஆனாலும் குளூட்டமேட் இல்லாத மீடியாவில் வளர்கிறது. எங்கே பிழை?

எம்.எஸ்ஸி. மாணவர்:

வணக்கம். மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர். புராஜெக்டுக்கு, ஈ.கோலையில் குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் (ஜி.டி.எச்.) ஜீன் நீக்கிய கேயோ ஸ்ட்ரெயினை (ஒவ்வொரு ஜீனாக நீக்கி வைத்த ஈ.கோலைத் தொகுப்பில் ஒன்று) எடுத்திருக்கிறேன். அம்மோனியாவையும் 2-ஆக்ஸோகுளூட்டரேட்டையும் சேர்த்துக் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தைச் செய்வது இந்த நொதி. அது இல்லையென்றால் உப்புகளும் குளுக்கோஸும் மட்டும் உள்ள எம்9 மீடியாவில், குளூட்டமேட் கொடுக்காமல், வளரக்கூடாது என்று நினைத்தேன்.

வளர்கிறது. 37 டிகிரியில் மூன்று முறை செய்தேன். ஜீன் நீக்காத காட்டு ஸ்ட்ரெயினின் ஓ.டி. (கலங்கல் அளவு) கோடும் இதன் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கனமைசின் (ஆன்டிபயாடிக்) பிளேட்டிலும் நன்றாக வருகிறது. ஜீன் சரியாக நீங்கவில்லை, வேறு ஜீன் எடுத்துக்கொள் என்கிறார் வழிகாட்டி. இரண்டு மாதம் போய்விட்டது. விட்டுவிடலாமா?

பதில் (பாக்டீரியா மரபியல் ஆய்வு மாணவி):

விடாதீங்க தம்பி. உங்கள் ஸ்ட்ரெயின் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது. ஈ.கோலைக்குக் குளூட்டமேட் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று நீங்கள் நீக்கியது. மற்றது இரண்டு படி: குளூட்டமின் சிந்தடேஸ் அம்மோனியாவைக் குளூட்டமேட்டில் ஏற்றிக் குளூட்டமின் ஆக்கும், பிறகு கோகாட், அதாவது குளூட்டமேட் சிந்தேஸ், அந்தக் குளூட்டமினிலிருந்து நைட்ரஜனை எடுத்து 2-ஆக்ஸோகுளூட்டரேட்டில் வைக்கும். ஒன்று போய் இரண்டு குளூட்டமேட் வரும். எம்9-இல் லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் குளோரைடு இருக்கிறது, சுமார் 18.7 மில்லிமோலார். அவ்வளவு அம்மோனியா இருந்தால் எந்த வழி இருந்தாலும் செல்லுக்குப் போதும்.

ஆனால் வழிகாட்டி கேட்பதிலும் நியாயம் உண்டு, சோதித்துவிடுங்கள். கனமைசினில் வளர்வது கேசட், அதாவது நீக்கிய ஜீனின் இடத்தில் வைத்த கனமைசின் எதிர்ப்புத் துண்டு, உள்ளே இருப்பதை மட்டும்தான் சொல்லும். கேயோ தொகுப்பில் சில ஸ்ட்ரெயின்களில் ஜீன் இரட்டித்து, ஒரு பிரதியில் கேசட், மற்றதில் பழைய ஜீன் என்று இருப்பது பிறகு தெரியவந்தது. அதனால் பி.சி.ஆரில் கேசட் சந்திப்பை மட்டும் பார்த்து நிற்காமல், ஜீனின் உள்ளே இருக்கும் ஒரு துண்டுக்கும் பிரைமர் போடுங்கள். காட்டு ஸ்ட்ரெயினில் பட்டை வர வேண்டும், உங்களுடையதில் வரவே கூடாது.

இன்னொன்று: எல்.பி.யில் (சத்து நிறைந்த மீடியா) வளர்த்த செல்லை அப்படியே எம்9-இல் ஊற்றினீர்களா? எல்.பி.யின் அமினோ அமிலங்கள் கூடவே வந்துவிடும். உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, மெல்லிய அளவில் விடுங்கள்.

எம்.எஸ்ஸி. மாணவர்:

ரொம்ப நன்றி அக்கா. கழுவவில்லை. இப்போது கழுவியும் செய்தேன், அப்படியும் வளர்கிறது. உள்பிரைமரில் பட்டை இல்லை. ஜீன் போய்விட்டது உறுதி.

அப்படியானால் கோகாட் ஜீனையும் நீக்கலாம் என்று, கோகாட் கேயோ ஸ்ட்ரெயினில் பி1 (ஜீன் துண்டைச் சுமந்து செல்லும் பாக்டீரியா வைரஸ்) வளர்த்து, அதன் வழியே அந்த நீக்கத்தை என் ஸ்ட்ரெயினுக்கு மாற்றினேன். கனமைசின் பிளேட்டில் விரித்தால் புல்வெளி போல் முளைக்கிறது. எதை எடுப்பது?

பதில் (பாக்டீரியா மரபியல் ஆய்வு மாணவி):

கேயோ ஸ்ட்ரெயின்கள் எல்லாவற்றிலும் அதே கனமைசின் கேசட்தான். உங்களுடையது முன்பே எதிர்ப்புள்ளது, அதனால் எல்லாம் வளரும். முதலில் பி.சி.பி.20 பிளாஸ்மிட் (சிறு வட்ட டி.என்.ஏ.) போட்டு, எஃப்.எல்.பி. நொதியால் பழைய கேசட்டை வெட்டி எடுங்கள். அந்தப் பிளாஸ்மிட்டை 30 டிகிரியில் ஏற்றி, 42-43 டிகிரியில் விரட்டலாம். கனமைசினிலும் ஆம்பிசிலினிலும் வளராத காலனி கிடைத்த பிறகு பி1.

பி1 கலந்து வைத்த நேரம் முடிந்ததும் சோடியம் சிட்ரேட் சேர்க்க மறக்காதீங்க. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு மறுதொற்றை நிறுத்துவது அதுதான். தேர்வை எல்.பி. கனமைசினில் செய்யுங்கள், எம்9-இல் செய்தால் நீங்கள் தேடும் காலனியே செத்துப்போகும். பிறகு ஒவ்வொரு காலனியையும் இரண்டு எம்9 பிளேட்டில் தொட்டு வையுங்கள்: ஒன்றில் சோடியம் குளூட்டமேட், அதாவது சமையலில் போடும் அஜினோமோட்டோவின் அதே உப்பு, மற்றதில் ஒன்றுமில்லை.

பதில் (கெமோஸ்டாட் வேலை செய்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்):

தம்பி, அக்கா சொன்னது எல்லாம் சரி. இரட்டை நீக்கம் வரும்வரை ஒரு ஸ்பெக்ட்ரோ (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) இருந்தால் இன்றே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். செல்லை உடைத்து, சாற்றை டயாலிசிஸ் செய்து, 2-ஆக்ஸோகுளூட்டரேட்டும் என்.ஏ.டி.பி.எச்.சும் போட்டு 340 நானோமீட்டரில் பாருங்கள்; நொதி வேலை செய்தால் என்.ஏ.டி.பி.எச். செலவாகி அளவு இறங்கும். ஒரு குவெட்டில் அம்மோனியம், ஒன்றில் குளூட்டமின், ஒன்றில் இரண்டும் இல்லை. அம்மோனியத்தில் இறங்கினால் ஜி.டி.எச்., குளூட்டமினில் இறங்கினால் கோகாட். மூன்றாவதில் இறங்குவதைக் கழித்துவிடுங்கள். உங்கள் ஸ்ட்ரெயினில் முதலாவது அசையாது, இரண்டாவது இறங்கும். அந்த ஒரு படம் வழிகாட்டியிடம் நூறு வார்த்தை பேசும்.

கோகாட் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படி ஒரு முரண்பாட்டில்தான். 1970-இல் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில் டெம்பெஸ்ட், மீயர்ஸ், பிரௌன் மூவரும் அம்மோனியா குறைவாகக் கொடுத்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தபோது, ஜி.டி.எச். மிகக் குறைவாக இருந்தும் செல் குளூட்டமேட் செய்துகொண்டே இருந்தது. எப்படி என்று தேடியதில் கிடைத்த நொதி அது.

இரண்டு வழி ஏன் என்பதைத்தான் புராஜெக்டின் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜி.டி.எச்.சுக்கு அம்மோனியா ஒரு மில்லிமோலாரை ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டும். குளூட்டமின் சிந்தடேஸுக்கு 0.1 மில்லிமோலார் அளவிலேயே போதும். ஆனால் அந்த வழியில் குளூட்டமேட் ஒன்றுக்கு ஒரு ஏ.டி.பி. செலவு. ஆற்றல் தட்டுப்பாடு என்றால் முதல் வழி மலிவு, அம்மோனியா தட்டுப்பாடு என்றால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். ஹெல்லிங் என்ற ஆய்வாளர் 1990-களில் இரண்டு ஸ்ட்ரெயினையும் சேர்த்து வளர்த்துச் செய்த போட்டிகளில், குளுக்கோஸ் குறைவாக ஓடும் வளர்ப்பில்தான் ஜி.டி.எச். இல்லாத ஸ்ட்ரெயினின் பலவீனம் வெளிப்பட்டது. குளுக்கோஸ் நிறைந்த உங்கள் குடுவையில் அது தெரியவே தெரியாது.

எம்.எஸ்ஸி. மாணவர்:

சார், அக்கா, ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஸ்பெக்ட்ரோவில் நீங்கள் சொன்னபடியே வந்தது. அம்மோனியம் குவெட்டின் கோடு, இரண்டும் இல்லாத மூன்றாவது குவெட்டின் கோட்டோடு ஒட்டியே போகிறது. இரட்டை நீக்கத்தில் எட்டுக் காலனி தொட்டு வைத்தேன். குளூட்டமேட் பிளேட்டில் எட்டும் வளர்ந்தன, வெறும் எம்9-இல் ஒன்றுகூட இல்லை. வழிகாட்டி பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தொடரச் சொல்லிவிட்டார்.

அடுத்து கோகாட் மட்டும் நீக்கிய ஸ்ட்ரெயினை அம்மோனியம் 0.5 மில்லிமோலாரில் வைக்கப் போகிறேன். அந்த அளவில் காட்டு ஸ்ட்ரெயினே அதிகம் ஏறாதே, வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது?

பதில் (கெமோஸ்டாட் வேலை செய்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்):

இறுதி ஓ.டி.யைப் பார்க்காதீர்கள், ஏறும் வேகத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை அளந்து, லாக் தாளில் சாய்வை எடுங்கள். பக்கத்திலேயே ஜி.டி.எச். மட்டும் நீக்கிய உங்கள் பழைய ஸ்ட்ரெயினையும் வையுங்கள். அது இந்த அளவிலும் காட்டு ஸ்ட்ரெயினோடு ஓடும், கோகாட் இல்லாதது நின்றுவிடும்.