பேரி சாண்டர்ஸ் ரெக்கார்டு 2,628-ஆ, 2,850-ஆ?

வியாசை_வலதுகால்:
அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கறவங்க யாராவது தெளிவா சொல்லுங்க. காலேஜ் ரன்னிங் பேக் (பந்தை எடுத்துட்டு ஓடறவர்), ஒரே சீசன்ல ஓடுன தூர ரெக்கார்டு: ஓக்லஹோமா ஸ்டேட் பேரி சாண்டர்ஸ், 1988, 2,628 யார்டு. 2024-ல பாய்சி ஸ்டேட் ஆஷ்டன் ஜென்டி 2,601-ல நின்னுட்டாரு. ஆனா சில இடத்துல சாண்டர்ஸுக்கு 2,850-னு போட்டிருக்கு. எது சரி? இன்னொண்ணு, முல்லை நகர் பக்கம் பசங்க ரக்பி பந்தை வச்சு இதே மாதிரி ஓடிப் பாக்கறாங்க. சட்டுனு திரும்பும்போது பந்து கையில நிக்க மாட்டேங்குது. என்ன தப்பு?

காசிமேடு_கணக்கு:
ரெண்டு நம்பரும் சரிதான். 2,628 வந்தது 11 மேட்சுல. அதுக்கப்புறம் ஹாலிடே பௌல்ல (பௌல்னா வழக்கமான சீசன் முடிஞ்சப்புறம் நடக்கற மேட்ச்) வயோமிங்கை எதிர்த்து 222 யார்டு, 5 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள்ள கொண்டு போறது). அதையும் சேர்த்தா 2,850. பௌல் மேட்ச் யார்டை 2002-லேர்ந்துதான் அதிகாரப்பூர்வ கணக்குல சேர்க்கறாங்க, பழைய ஆளுங்களுக்குப் பின்தேதி போட்டுத் தரல. டெக்சாஸ் டெக் கூட 332 அடிச்சது டோக்கியோவுல. அது வழக்கமான சீசன் மேட்ச், அதனால 2,628-குள்ளயே இருக்கு.

ஜென்டியோட 2,601 வந்தது 14 மேட்சுல, அதுல கான்ஃபரன்ஸ் (காலேஜ் டீம்களோட லீக்) ஃபைனலும் ஃபியஸ்டா பௌலும் அடக்கம். கடைசி மேட்சான ஃபியஸ்டா பௌலுக்கு 2,497-ஓட வந்தாரு, ரெக்கார்டை உடைக்க 132 வேணும். நமக்குப் புத்தாண்டு காலைல 6 மணிக்கு ஓடுன மேட்ச் அது. எதிரணி பென் ஸ்டேட் மறிச்சிட்டாங்க: 30 தடவை ஓடி 104. மீதி 27 யார்டு, நம்ம கிரவுண்டுல ஒண்ணரை பெனால்டி பாக்ஸ் ஆழம். ஆனா ரெண்டு பேருக்கும் பௌலைச் சேர்த்துப் பாத்தா வித்தியாசம் 249.

மேட்ச் சராசரி சாண்டர்ஸுக்கு 238.9, ஜென்டிக்கு 185.8. இதுக்கு மேல என்ன விவாதம்னு எனக்குப் புரியல.

பேசின்பிரிட்ஜ்_பேக்:
கொஞ்சம் நியாயமா பேசுவோம். ஒருபக்கமா போன மேட்சுல ஜென்டியைப் பாதியிலயே உட்கார வச்சாங்க. போர்ட்லண்ட் ஸ்டேட் கூட வெறும் 11 ஓட்டம், 127 யார்டு. அதுவும் கணக்குல ஒரு மேட்ச்தான், சராசரி இறங்கத்தான் செய்யும்.

சாண்டர்ஸுக்கு வேற வசதி இருந்துச்சு. முன்னாடி நிக்கிற லைன் பலமானது, 'வார் பிக்ஸ்'னு பேரே உண்டு. குவாட்டர்பேக் (பந்தை வீசறவர், ஓடறவர் கையில குடுக்கறவர்) மைக் கண்டி, ரிசீவர் (பாஸைப் பிடிக்கறவர்) ஹார்ட் லீ டைக்ஸ்: பாஸுக்கும் பயந்து டிஃபென்ஸ் மொத்தமும் முன்னாடி குவிய முடியாது. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தர்மன் தாமஸுக்குப் பின்னாடி மாற்று ஆளா இருந்தவர், வாய்ப்பு வந்த சீசன்லயே 344 ஓட்டம், 37 டச்டவுன், ஹைஸ்மன் (அந்த வருஷச் சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் விருது). நாலு மேட்சுல 300-க்கு மேல. 1989 டிராஃப்ட்ல (புரொஃபஷனல் டீம்கள் புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கறது) மூணாவது ஆளா டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தாங்க.

அந்த 2002 விதி கேரியர் ரெக்கார்டுலயும் குழப்பம் பண்ணுது. விஸ்கான்சின் ரான் டேன் நாலு பௌலையும் சேர்த்தா 7,125, சேர்க்காம 6,397. சான் டியாகோ ஸ்டேட் டோனல் பம்ப்ரி 2016-ல பௌலோட சேர்த்து 6,405. எட்டே யார்டுல ரெக்கார்டு கை மாறிடுச்சு! எனக்கு டேன்தான் முதல்.

தண்டையார்பேட்டை_டச்டவுன்:
பந்து விஷயத்துக்கு வரேன். நம்ம பசங்க கால்பந்துல ரெண்டு கையையும் வீசி ஓடிப் பழகினவங்க. திரும்பும்போது பந்து வச்ச கையும் வெளிய வீசும், முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல சந்து விழும், பந்து பின்பக்கமா நழுவும். பந்தோட ஒரு முனையை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூடணும், இன்னொரு முனை முழங்கை மடிப்புல இறங்கணும், நடுப்பகுதி முன்கைக்கும் விலாவுக்கும் இடையில. மணிக்கட்டு முழங்கையை விட மேல. கூட்டத்துக்குள்ள நுழையும்போது அடுத்த கையையும் மேல போட்டு மூடு. பந்து எப்பவும் எதிராளி இல்லாத பக்கத்துக் கையில.

குவாட்டர்பேக் கிட்ட வாங்கும்போது அவருக்குக் கிட்ட இருக்கிற முழங்கை மேல, மத்த கை வயித்துக்குக் கீழ. மாத்தி வச்சா பந்து முழங்கையில இடிச்சு கீழ விழும். கண்ணு பந்து மேல போகக்கூடாது, பந்தை வயித்துல வைக்கிறது அவர் வேலை. நீ இடைவெளியைப் பாரு.

வியாசை_வலதுகால்:
நன்றிண்ணே. ரக்பி பந்துலயே பழகலாமா?

தண்டையார்பேட்டை_டச்டவுன்:
ஓடிப் பழக ஓகே. ஆனா ரக்பி பந்து சுற்றளவு 58-லேர்ந்து 62 செ.மீ., முனை மழுங்கல், விரல் சரியா மூடாது. அமெரிக்கன் பந்து கிட்டத்தட்ட 53, எடை 400 கிராம் பக்கம். சின்னப் பசங்களுக்கு ஜூனியர் சைஸ் ரக்பி பந்து குடு, பிடி கொஞ்சம் ஒத்து வரும். அப்புறம் மண் கிரவுண்டுல வெட்டித் திரும்ப, வெளிக்காலை ரொம்ப அகலமா ஊனாத, மண்ணு சறுக்கி இடுப்பு இழுத்துக்கும். முன்னாடி ரெண்டு மூணு அடியைச் சின்னதாக்கி, இடுப்பை இறக்கிட்டுத் திரும்பு.