'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்': குயில் காட்சியோடு நிறுத்திவிட்டேன், தொடரலாமா?

திண்ணைக்காற்று:

ஷோகி என்கிற ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் பதினேழு வயது ரெய் கிரியாமாவைப் பற்றிய இந்த அனிமேயை ஆபீஸ் தோழி சொல்லி ஆரம்பித்தேன். எனக்கு ஷோகி தெரியாது, பள்ளியில் கொஞ்சம் செஸ் ஆடியதோடு சரி. முதல் எபிசோடில் அவன் வளர்ப்புத் தந்தையோடு ஆடி ஜெயிக்கிறான். ஜெயித்தவன் முகம் எதற்கு இப்படி இருண்டு கிடக்கிறது என்று புரியவில்லை.

அப்புறம் புரிந்தது. விபத்தில் அப்பா, அம்மா, தங்கை மூவரும் போய்விடுகிறார்கள். சாவு வீட்டில் அப்பாவின் நண்பர் கோடா, அவரும் தொழில்முறை ஆட்டக்காரர், 'ஷோகி பிடிக்குமா?' என்று கேட்கிறார். 'பிடிக்கும்' என்கிறான். பொய். போக்கிடம் வேண்டுமே என்று சின்னப் பையன் சொன்ன பொய். அதை மெய்யாக்க ராப்பகலாகப் படித்து முன்னேறுகிறான். கோடாவின் சொந்தப் பிள்ளைகள் அவனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆட்டத்தையே விடுகிறார்கள். ஒருநாள் டிவியில், மாற்றான் கூட்டில் பொரிந்த குயிலினக் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளுவதைப் பார்த்து, தன்னையே பார்த்ததுபோல் உறைந்துவிடுகிறான்.

அங்கே நிறுத்திவிட்டேன். அப்பா இறந்தபின் அம்மா வெளியூரில் வேலைக்குப் போக, நான் மாமா வீட்டில் வளர்ந்தேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று மாமா மகளைவிட எனக்கு அறுபது மார்க் அதிகம். மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அதே மூச்சில் அவளைத் திட்டினார். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் என் தட்டில் சோறு வைத்து, குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனார். அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

44 எபிசோடும் இப்படித்தானா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாயக்கட்டை:

தொடருங்கள். ஷோகி தெரியாதது தடையே இல்லை, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்தால் காட்சிகள் இன்னும் ஆழமாக இறங்கும். வெட்டிய காயை நம் காயாகவே மறுபடி பலகையில் வைக்கலாம். அதனால் செஸ் போலக் கடைசியில் பலகை காலியாகாது, நெருக்கடி கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, பெரும்பாலும் தோற்றவரே குனிந்து வணங்கி 'தோற்றுவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆட்டம் முடியும். வளர்த்தவர் வாயிலிருந்தே அதைக் கேட்கும் பையன் முகம் எப்படி இருக்கும்?

பிறைநிலா:

இரண்டு முறை முழுசாகப் பார்த்தவள் நான். இல்லை தோழி, முழுக்க அப்படி இல்லை. வலி வரும். ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சோற்றுத் தட்டுக்கு எதிர்ப்பக்கமும் இந்தக் கதையில் உண்டு.

ரெய் தனியாகக் குடியிருக்கும் அறையிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கவாமோதோ வீட்டைக் கவனியுங்கள். அகாரி, ஹினா, மோமோ மூன்று சகோதரிகள், இனிப்புக் கடை வைத்திருக்கும் தாத்தா. அங்கேயும் அம்மா இல்லை, பாட்டியும் இல்லை. அந்த வீட்டில் யாரும் ரெய்யிடம் 'ஜெயித்தாயா?' என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவதில்லை. இன்று கறி செய்திருக்கிறோம், வா என்று செய்தி வரும், அவ்வளவுதான். புத்தாண்டுச் சமயத்தில் அவன் காய்ச்சலில் தனியாகக் கிடக்கும்போது அறைக்கே வந்து மருத்துவரிடம் கூட்டிப்போய், பிறகு தங்கள் வீட்டில் படுக்க வைக்கிறார்கள். ஜெயித்தால்தான் இங்கே இருக்கலாம் என்று பழகியவனுக்கு, ஒன்றும் செய்யாமல் படுத்துக்கிடக்கவும் ஓர் இடம் கிடைக்கிறது. எனக்கு இந்தத் தொடரே அந்தப் படுக்கைதான்.

இரண்டாம் சீசனில் பள்ளியில் கொடுமைக்கு ஆளான தோழிக்காக நின்று ஹினா தனித்து விடப்படுவாள். ஆற்றங்கரையில் அழுதுகொண்டே, தான் செய்தது தவறில்லை என்பாள். சின்ன வயதில் தனக்காக யாரும் நிற்காத ரெய்க்கு, அவள் அழுகையைக் கேட்டதே பழைய காயத்துக்கு மருந்தாகிறது. தைரியமாக அங்கே வரை வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ரெய்யின் நண்பன், நோயோடு ஆடும் நிகாய்தோவைப் பார்க்கும்போது, நிஜத்தில் வாழ்ந்த ஷோகி ஆட்டக்காரர் முராயாமா சதோஷியை நினைக்காமல் இருக்க முடியாது. சிறுவயதிலிருந்தே சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே ஆடி, 1998-ல் 29 வயதில் மறைந்தவர். நிகாய்தோ மூச்சு வாங்கிக்கொண்டு ரெய்யைத் திட்டும் இடத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும்.

சுமிதாக்கரை:

டோக்கியோவில் இருக்கிறேன். கதையில் வரும் ஊர்ப்பெயர்கள் கற்பனை, ஆனால் சுமிதா ஆற்றின் கரையில் சுகிஷிமா, சுகுதா பக்கம் போனால் அதே பாலம், அதே படித்துறை. சாயங்காலம் நின்று பார்த்தால் ஒருபக்கம் உயரமான அடுக்குமாடிகள், மறுபக்கம் சந்துக்குள் தாழ்ந்த ஓட்டு வீடுகள். இருட்டிலிருந்து அவன் விளக்குள்ள வீட்டுக்கு நடந்தே போய்விடுகிறான் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இதையும் சொல்லவேண்டும். நடுநிலைப் பள்ளி வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரன் ஆன ஐந்தாவது ஆள் ரெய் என்று கதை சொல்கிறது. 2007-ல் இந்த அனிமேக்கு மூலமான மாங்கா (படக்கதை) தொடங்கியபோது நிஜத்தில் அப்படி நான்கு பேர்தான். ஐந்தாவதாக ஃபுஜீ சோதா, 14 வயதில், 2016 அக்டோபர் 1-ல் வந்தார். அனிமே ஒளிபரப்பாகத் தொடங்கியது அதே மாதம்! டிசம்பர் 24-ல் முதல் ஆட்டம், எதிரே 76 வயது கதோ ஹிஃபுமி, 1954-ல் இதே சாதனையை முதலில் செய்தவர். பையன் ஜெயித்தான், அதையும் சேர்த்துத் தொடர்ந்து 29 ஆட்டம் தோற்கவே இல்லை.

திண்ணைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. பிறைநிலா, நீங்கள் சொன்னதை நம்பி நேற்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் யாசுயி என்ற ஆட்டக்காரரோடு ரெய் ஆடும் ஆட்டம் வரை வந்துவிட்டேன். தோற்ற மனிதர் மகளுக்கு வாங்கிய பரிசுப் பையை விட்டுவிட்டுப் போக, ரெய் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறானே. கொடுத்துவிட்டு, பூங்காவுக்கு ஓடி, தன்னை மறந்து கத்துகிறான். தன் மேல் என்ன தப்பு என்று அவன் முதல்முறையாக வாய்திறந்து கேட்டதுபோல் இருந்தது எனக்கு. நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே வந்து அடுத்த எபிசோடைப் போட்டேன்.