போர்டு ஆடியோவுக்கு டிவைஸ் ட்ரீ போதுமா, சி-ல மெஷின் டிரைவர் எழுதித்தான் ஆகணுமா?

பிட்கிளாக்_பாய்:
டீம்ல ஒரே சண்டை. போர்டுல ஒரு எஸ்ஓசி (மெயின் சிப்), அதுல ஐ2எஸ்ங்கற டிஜிட்டல் ஆடியோ போர்ட், அந்தப் பக்கம் ஒரு கோடெக் (டிஜிட்டல் ஆடியோவ அனலாக் ஆக்கற சிப்), ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப், ஒரு ஹெட்ஃபோன் ஜாக், அவ்ளோதான். இதுக்குப் போய் சீனியர் ஒருத்தர் பக்கம் பக்கமா மெஷின் டிரைவர் (இந்த போர்டுல எது எதோட சேருதுன்னு சொல்ற சி கோடு) எழுதி வச்சிருக்கார். சிம்பிள் ஆடியோ கார்டுன்னு லினக்ஸ் கர்னல்லயே ஒன்னு இருக்கே? டிவைஸ் ட்ரீல, அதாவது ஹார்டுவேர விவரிக்கற ஃபைல்ல, ஒரு சவுண்ட் நோடு போட்டு சிபியு பக்கம் யாரு, கோடெக் பக்கம் யாரு, ஃபார்மட் என்ன, ஒவ்வொரு பிட்டுக்கும் துடிக்கற பிட் கிளாக்க யார் தர்றா, எந்த பின் எந்த ஜாக்குக்கு போகுதுன்னு எழுதினா இருபது முப்பது வரில முடிஞ்சிடும். 2011ல ஏஆர்எம் பக்கம் போர்டு ஃபைல் குவிஞ்சு கிடக்கறத பாத்து லினக்ஸ உருவாக்கின லைனஸ் கத்தினதுக்கு அப்புறம்தானே எல்லாரும் டிவைஸ் ட்ரீக்கு வந்தோம், இப்ப மறுபடியும் போர்டுக்கு ஒரு சி ஃபைல்னா என்ன அர்த்தம்?

சி_பைத்தியம்:
இருபது வரில முடியறதெல்லாம் டெமோ போர்டுல பாஸ். உங்க கோடெக்குக்கு போற கிரிஸ்டல் 24 மெகாஹெர்ட்ஸ்னு வைங்க. 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவுக்கு கோடெக்கோட மெயின் கிளாக் (எம்கிளாக்) 256 மடங்குன்னா 12.288 மெகா வேணும், 44.1க்கு 11.2896. 24ஐ எந்த முழு எண்ணால வகுத்தாலும் ரெண்டுமே வராது, கோடெக் உள்ள இருக்கற பிஎல்எல்ல (ஒரு கிளாக்லேருந்து வேற ஃப்ரீக்வென்சி செய்யற சர்க்யூட்) ஓட்டித்தான் ஆகணும். சிம்பிள் கார்டு என்ன பண்ணும்? எம்கிளாக்-எஃப்எஸ்ங்கற ப்ராப்பர்டிக்கு 256 குடுத்தா அத ரேட்டோட பெருக்கி, கிளாக் இவ்வளவுன்னு கோடெக் டிரைவருக்கு சொல்ற செட் சிஸ்கிளாக்க கூப்பிடும், பிஎல்எல்ல அமைக்கற செட் பிஎல்எல் பக்கம் எட்டிக்கூட பாக்காது. கோடெக் 12.288 வருதுன்னு நம்பி 256ஆல வகுக்கும், பின்ல வர்றதோ 24, ஆக உண்மையான ரேட் 93.75 கிலோஹெர்ட்ஸ். பாட்டு ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல கீச்சு கீச்சுன்னு ஓடும்.

பிட்கிளாக்_பாய்:
அது கோடெக் டிரைவரோட குறை, அதுக்கு சிம்பிள் கார்ட திட்டாதீங்க. டிஎல்வி320ஏஐசி3எக்ஸ்ங்கற கோடெக்கோட டிரைவர திறந்து பாருங்க, ஹெச்டபிள்யூ பேரம்ஸ் (ப்ளே பண்றதுக்கு முன்னாடி ரேட், ஃபார்மட் சொல்ற கட்டம்) வரும்போது உள்ள வர்ற கிளாக் எவ்வளவு, கேட்ட ரேட் எவ்வளவுன்னு பாத்து பிஎல்எல் நம்பர அதுவே கணக்கு போட்டுக்கும். நோடுல சிஸ்டம்-கிளாக்-ஃப்ரீக்வென்சி 24000000 போட்டுட்டு எம்கிளாக்-எஃப்எஸ்ஸ எடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது. சிப்புக்குள்ள நடக்கற கணக்க ஒவ்வொரு போர்டுக்காரனும் திரும்பத் திரும்ப எழுதணுமா?

சி_பைத்தியம்:
அந்த சிப்புக்கு சரி. பிஎல்எல்ல மெஷின் டிரைவர்தான் செட் பண்ணும்னு எதிர்பாக்கற கோடெக் டிரைவர் எத்தனை இருக்கு தெரியுமா? அதுல கை வச்சா அதே சிப் இருக்கற மத்த போர்டு எதுவும் உடையாம பாத்துக்கணும், அதெல்லாம் என்கிட்ட டெஸ்ட் பண்ண கிடையாது. அப்புறம் ஆம்ப். கோடெக் அவுட்புட் செட்டில் ஆனதுக்கு அப்புறம் கொஞ்சம் மில்லிசெகண்ட் விட்டு ஆம்ப் எழுந்திரிக்கணும், அணைக்கும்போது ஆம்ப் முதல்ல தூங்கணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர்ல டப்புன்னு ஒரு சத்தம். இத எந்த ப்ராப்பர்டில எழுதுவீங்க?

பிட்கிளாக்_பாய்:
சிம்பிள் ஆடியோ ஆம்ப்ளிஃபயர்னு தனி நோடு, அத ஆன் பண்ற எனேபிள் ஜிபிஐஓ பின், அந்த நோட கார்டோட துணை டிவைஸ் பட்டியலான ஆக்ஸ்-டெவ்ஸ்ல சேத்து ரூட்டிங்ல கோத்துவிட்டா டிஏபிஎம் (ஆடியோ பாதைல எத எப்ப ஆன் பண்றதுன்னு பாக்கற கர்னல் பகுதி) வரிசைய அதுவே பாத்துக்குது. டிலே கட்டாயம் வேணும்னா அது அந்த ஆம்ப்போட குணம், ஆம்ப் டிரைவர்ல போய் உக்காரட்டும்.

மெதுவா_பூட்:
குறுக்க வர்றேன். சவுண்ட் நோடுன்னு ஒன்ன போர்டுல விரல் வச்சு காட்டுங்க பாப்போம்? அப்படி ஒரு சிப்பே கிடையாது, கார்டுங்கறது லினக்ஸோட சவுண்ட் அமைப்பான அல்சாவுக்கு வேண்டிய கற்பனை. ரூட்டிங்ல எழுதற பின் பேரும் கோடெக் டிரைவர் வச்சிருக்கற விட்ஜெட் (டிஏபிஎம்ல ஒரு ஆடியோ பாகம்) பேரோட எழுத்து பிசகாம ஒத்துப்போகணும், இல்லன்னா ரூட் சேக்க முடியலன்னு புலம்பிட்டு கார்டே வராது. ஹார்டுவேர மட்டும் சொல்றோம்னு நெஞ்ச நிமித்திக்கற ஃபைல்ல இது கொஞ்சம் ஓவர். அதான் போர்ட், எண்ட்பாயின்ட்னு இணைப்ப மட்டும் சொல்ற ஆடியோ கிராஃப் கார்டு வந்துச்சு.

ஆனா சி ஃபைல்தான் தீர்வுன்னும் சொல்லமாட்டேன். இதே சிம்பிள் ஆடியோ கார்டு நோட வேற ஓஎஸ்களான நெட்பிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் படிச்சு அவங்க சொந்த டிரைவர ஓட்டறாங்க. உங்க மெஷின் டிரைவர் அவங்களுக்கு எதுக்கு ஆகும்?

சி_பைத்தியம்:
என் கஸ்டமர் யாரும் ஓப்பன்பிஎஸ்டி கேக்கல தல. இன்னொன்னு, டிவைஸ் ட்ரீல ஒரு ப்ராப்பர்டி வெளிய போயிடுச்சுன்னா அது காலத்துக்கும் மாத்த முடியாத ஒப்பந்தம் (ஏபிஐ). பழைய டிடிபிய (கம்பைல் பண்ண டிவைஸ் ட்ரீ) புது கர்னல் படிச்சாகணும். சி-ல தப்பா எழுதினா அடுத்த ரிலீஸ்ல திருத்திடலாம், பைண்டிங்ல (ப்ராப்பர்டி விதில) தப்பா எழுதினா பேரன் வரைக்கும் சுமக்கணும்.

புதுசு42:
அண்ணா நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். சிம்பிள் கார்டுதான் போட்டேன், பிட்கிளாக்-மாஸ்டர், ஃப்ரேம்-மாஸ்டர் ரெண்டும் கோடெக்கையே காட்டுது, அதாவது கிளாக் தர வேண்டியது கோடெக்தான். கார்டு பட்டியல் காட்டற ஏபிளே -எல் குடுத்தா கார்டு அழகா தெரியுது, ப்ளே பண்ணா அப்படியே நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு ரைட் எரர், இன்புட் அவுட்புட் எரர்னு வருது. கர்னல் லாக்ல டிஎம்ஏ (மெமரிலேருந்து டேட்டாவ நகர்த்தற பகுதி) தகராறா, ஐஆர்க்யூ (இன்டரப்ட்) தகராறான்னு கேக்குது. அந்த டிஎம்ஏவோட எஸ்டிஎம்ஏ ஃபர்ம்வேர் வரைக்கும் தோண்டிட்டேன்.

சி_பைத்தியம்:
அந்த மெசேஜ நம்பி எத்தனை பேர் டிஎம்ஏ பக்கமே குடியிருக்காங்க. பிட் கிளாக் பின்ல ஸ்கோப்ப வை தம்பி. அங்க ஒன்னும் ஆடலன்னா எஸ்ஓசி வராத கிளாக்குக்கு காத்துக்கிட்டு இருக்கு, ஒரு பிட்டும் வெளிய போகாது, ஃபைஃபோ (டேட்டா காத்திருக்கற வரிசை) நிரம்பி டிஎம்ஏவும் நின்னுடும். கோடெக்குக்கு எம்கிளாக் எங்கேருந்து வருது?

புதுசு42:
எஸ்ஓசி பின்லேருந்துதான் அண்ணா. கோடெக் நோடுல கிளாக்ஸ் ப்ராப்பர்டி இல்ல. பயன்படுத்தலன்னு கர்னல் அந்த கிளாக்க அணைச்சுட்டு இருந்திருக்கு போல. இப்ப சேத்தேன், பிட் கிளாக் 3.072 மெகா வருது, சத்தமும் வருது!

பிட்கிளாக்_பாய்:
48 கிலோ, ஒரு ஃப்ரேமுக்கு 64 பிட், கணக்கு சரி. பாத்தீங்களா, ஒரு வரி டிவைஸ் ட்ரீ. சி-ல ஒரு எழுத்து மாத்தல.

சி_பைத்தியம்:
நானா இருந்தா மெஷின் டிரைவர்லயே கிளாக்க வாங்கி, கிடைக்கலன்னா டிரைவர் ஆரம்பிக்கற ப்ரோப்லயே எரர் அடிச்சு நிறுத்தியிருப்பேன், தம்பி ஃபர்ம்வேர் வரைக்கும் போயிருக்க வேண்டாம். அதுசரி, ஒரே பிட் கிளாக்ல ரெண்டு கோடெக், டிடிஎம்ல (ஒரே வயர்ல நேரத்த பங்கு போடறது) ஸ்லாட் பிரிச்சு, ஒன்னு ரெக்கார்டு பண்ணிட்டிருக்கும்போது இன்னொன்னுல ரேட் மாறக்கூடாது, மோடம் கால் வந்தா எஸ்ஓசி தூங்கினாலும் ஆடியோ ஓடணும். இதுக்கும் இருபது வரி எழுதி காட்டுங்க.

பிட்கிளாக்_பாய்:
அந்த போர்டுக்கு நீங்களே சி எழுதுங்க, நான் ரிவ்யூவுக்கு வர்றேன். என் போர்டுல ஒரு கோடெக், ஒரு ஜாக். நாளைக்கு சீனியரோட ஃபைல தூக்கிட்டு பேட்ச் அனுப்பறேன்.