கதைத்து முடிந்தும் திரை கறுப்பாகவே கிடக்கிறது, காதுப் பக்கத்தில் ஊதாப் பொட்டு மின்னுகிறது: இது என்ன வருத்தம்?

உப்புவெளிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் என் போன் கைதவறிக் குப்புற விழுந்து திரை சிதறிப் போனது. டவுணில் ஒரு கடையில் கொடுத்துப் புதுத் திரை போட்டு, அதற்கு மேல் ஒரு டெம்பர் கிளாசும் ஒட்டி வாங்கினேன். அன்றிலிருந்து ஒரே தலையிடி. கோல் எடுத்தவுடன் திரை கறுக்கும், சரி, அது வழமைதான். ஆனால் காதிலிருந்து எடுத்த பிறகும் அப்படியே கறுப்பாகக் கிடக்கிறது, கோலை வெட்டக்கூட முடியாது, மற்றப் பக்கத்தில் இருப்பவர் வெட்டும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று ஒரு வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால் "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்" என்கிறது. எங்கே அழுத்துவது?

இன்னொன்று. நான் கதைத்துக்கொண்டிருக்கும்போது தங்கச்சி தன் போனால் வீடியோ எடுத்தாள். அதில் என் போனின் மேல் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு விட்டுவிட்டு மின்னுகிறது. வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அம்மா அதைப் பார்த்த நேரத்திலிருந்து "கடைக்காரன் உள்ளே எதையோ பூட்டிவிட்டான், காதில் வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் பிளாஷ். கோட்டைக்குள் இரவில் மான்களைப் படம் எடுத்தேன், உடம்பெல்லாம் இருட்டு, கண் மட்டும் பச்சை பல்ப் மாதிரி எரிகிறது. கோணேசர் கோயிலடியில் இருந்து கடலில் நின்ற வள்ளங்களின் வெளிச்சத்தை எடுத்தால் முன்னால் இருந்த கம்பி வேலி மட்டும் வெள்ளையாக விழுந்திருக்கிறது. மூன்றும் ஒரே பழுதா, மூன்று பழுதா?

---

சின்னத் திருகாணி:

தம்பி, நான் போன் திருத்துகிற ஆள், இப்படி வாரத்துக்கு ஒன்றாவது வரும். முதலாவது மட்டும்தான் பழுது. ஊதாப் பொட்டு பழுதில்லை, அது எரிவது நல்ல சகுனம். பிளாஷ் எல்லோருக்கும் அப்படித்தான்.

காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சின்னச் சாமான் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வெளியே அடிக்கும், மற்றது அது பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும். கன்னம் கிட்ட வந்தால் வெளிச்சம் திரும்பும், போன் திரையை அணைக்கும். இந்தச் சோடிதான் சென்சர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் தடுப்பு உண்டு, அடிக்கிற வெளிச்சம் கண்ணாடிக்கு உள்ளாலேயே சறுக்கிப் பக்கத்தில் இருப்பதற்குப் போய்விடாமல் இருக்க. திரை மாற்றும்போது அந்த ரப்பர் பழைய திரையோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குள் போய்விடும். அவசரத்தில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள், நானே ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி விட்டிருக்கிறேன்.

டெம்பர் கிளாசும் காரணமாக இருக்கலாம். அந்த இடத்தில் ஓட்டை இல்லாத மலிவுக் கண்ணாடி, அல்லது கொஞ்சம் இடம் மாறி ஒட்டி ஓரம் சென்சருக்கு மேல் வந்திருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். சாம்சுங் என்றால் பெரும்பாலான மொடல்களில் நம்பர் அடிக்கும் இடத்தில் *#0*# அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், அதில் சென்சர் என்பதை அழுத்துங்கள். ஷாவ்மி என்றால் *#*#6484#*#*. கையை மேல் ஓரத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் எடுங்கள். கையை எடுத்த பிறகும் "கிட்ட இருக்கிறது" என்றே காட்டினால் டெம்பர் கிளாசைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ரப்பர்தான், கடைக்கே கொண்டுபோங்கள், காசு கொடுக்காதீர்கள்.

---

கரும்பலகை:

திருகாணி சொன்னது சரி. அம்மாவின் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அகச்சிவப்பு, நம் பாடப்புத்தகத்தில் செங்கீழ்க் கதிர். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அங்கேயும் சூடு ஏறியது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். நம் வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி இந்தக் கதிர். நிலாவெளிக் கடற்கரையில் பத்து நிமிடம் நிற்பவர் வாங்குவதோடு ஒப்பிட்டால் போன் கன்னத்தில் அடிப்பது ஒன்றுமில்லை. டீவி ரிமோட்டின் முனையில் இருப்பதும் இதே சாதிச் சாமான்தான். அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்து, பொத்தானை அழுத்தச் சொல்லி, போனின் முன் கமராவால் காட்டுங்கள். அதுவும் ஊதாவாக மின்னும்.

ஏன் ஊதா? கமராச் சிப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாய வடிகட்டி இருக்கிறது. அந்தச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் பிரிக்கும், அகச்சிவப்பை மூன்றுமே உள்ளே விட்டுவிடும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தால் வெள்ளையும் ஊதாவும் கலந்த நிறம். இதைத் தடுக்கப் பின் கமராவில் நல்ல வடிகட்டியொன்றைப் போடுவார்கள், பல போன்களில் முன் கமராவில் அது அவ்வளவு கடுமையாக இருக்காது. தங்கச்சி எடுத்ததும் முன் கமராவாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் 940 நானோமீற்றர் அலைநீளத்தில் அடிப்பார்கள். கொஞ்சம் குறைந்த 850இல் அடித்தால் சிவப்பாக மங்கித் தெரியும், இரவில் சில சிசிடிவி கமராக்களைச் சுற்றிச் சிவந்த புள்ளிகள் தெரிகிறதே, அது. இன்னொரு லாபமும் உண்டு. காற்றில் இருக்கும் நீராவி வெயிலில் 940ஐச் சுற்றியுள்ள பகுதியை ஓரளவு குடித்துவிடுகிறது, அதனால் சூரியனின் குழப்பம் அங்கே குறைவு. அப்படியும் வெயில் உள்ளே வரும் என்பதால்தான் அது விட்டுவிட்டு மின்னுகிறது: அணைத்து வைத்து ஒருமுறை அளக்கும், எரியவிட்டு ஒருமுறை அளக்கும், வித்தியாசம் மட்டும்தான் கன்னத்தில் பட்டுத் திரும்பியது. தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு கதைத்துவிட்டு, கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்தாலும் வெளிச்சம் சிதறி உள்ளேயே திரும்பி இந்தக் கணக்கைக் கெடுக்கும். துடைத்தும் பாருங்கள்.

பக்கத்திலேயே வெளிச்ச அளவு பார்க்கும் சென்சரும் இருக்கிறது, திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். எனக்குப் பிடித்தது இதுவே. உள்ளே இருப்பது ஒரு ஒளி இருவாயி (போட்டோடயோட்), ஒளி பட்டால் அந்த அளவுக்கு மின்னோட்டம் வரும். மின்னைக் கொடுத்து ஒளியை வாங்கினால் எல்இடி, ஒளியைக் கொடுத்து மின்னை வாங்கினால் இது, இரண்டும் ஒரே பீ-என் சந்தியின் (இரண்டு வகைக் குறைகடத்திகள் தொடும் இடம்) இரண்டு வேலை. ஆனால் இதைச் செய்திருக்கும் சிலிக்கனுக்கு நம் கண் இல்லை, ஏறத்தாழ 1100 நானோமீற்றர் வரைக்கும் அதற்குத் தெரியும். கோயில் மூலஸ்தானத்தில் எண்ணெய் விளக்கு எரிகிறது, நமக்கு மங்கல், ஆனால் அந்தச் சுடர் கொட்டுவதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. வெறும் சிலிக்கனை நம்பினால் போன் அதை நல்ல வெளிச்சம் என்று நினைத்துத் திரையைப் பளீரென்று ஆக்கிவிடும். அதனால் பல சென்சர்களில் இரண்டு இருவாயி வைத்திருப்பார்கள், ஒன்று எல்லாவற்றையும் பார்க்கும், மற்றது அகச்சிவப்பை மட்டும் பார்க்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மனிதக் கண் பார்ப்பதற்குக் கிட்ட வரும்.

அளக்க வேண்டிய வீச்சும் கொஞ்சநஞ்சமல்ல. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம்: பூரணை நிலவு கால் லக்ஸ் அளவு, மத்தியான வெயில் ஒரு இலட்சம் லக்ஸ், நாலு இலட்சம் மடங்கு! பஸ்ஸில் போகும்போது மரநிழல் மாறி மாறி விழுந்தாலும் திரை துடிக்காமல் இருக்கிறதே, அது மென்பொருள் சில விநாடி பொறுத்துப் பார்த்து மெதுவாக மாற்றுவதால்.

---

மூதூர்க்கரை:

எனக்கும் இதே பிரச்சினை வந்தது, செற்றிங்கில் அந்தச் சென்சரையே ஓஃப் பண்ணிவிட்டேன், இப்போது பவர் பொத்தானை அழுத்தினால் கோல் வெட்டுப்படும். எதற்கு மெனக்கெடுகிறீர்கள்?

இன்னொன்று, என்னுடைய இப்போதைய போனில் இந்த ஊதாப் பொட்டே இல்லை, எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. ஆனால் காதில் வைத்தால் திரை அணைகிறது, சில நேரம் அணையாமல் கன்னம் பட்டு மியூட்டும் ஆகிவிடுகிறது. அது எப்படி?

---

சின்னத் திருகாணி:

ஓஃப் பண்ணினால் கதைக்கும் நேரமெல்லாம் திரை எரியும், பற்றரியும் போகும், மியூட் விழுவதும் அதனால்தான் கூடும். அது வைத்தியம் இல்லை அண்ணா.

உங்கள் போனில் அந்தச் சாமானே இல்லாமல் இருக்கலாம். விலை குறைக்கவும், ஓரத்தை மெல்லியதாக்கவும் சில போன்களில் அதை எடுத்துவிட்டு, போனைத் தூக்கிச் சரிக்கும் அசைவையும் திரையில் காது படுவதையும் வைத்து மென்பொருளே ஊகிக்கிறது. சிலதில் ஸ்பீக்கரால் காதுக்குக் கேட்காத ஒலியை அடித்து மைக்கால் அதன் எதிரொலியைப் பிடிக்கிறார்கள், வௌவால் மாதிரி. ஊகம்தானே, பிழைக்கும்.

---

கல்யாண வீட்டுக் கமரா:

பிளாஷுக்கு நான் வருகிறேன், பதினைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் அதோடுதான் சீவியம்.

தம்பி, உங்கள் போனில் இருப்பதை நாங்கள் பிளாஷ் என்று சொல்வதில்லை, அது கெட்டிக்கார டோர்ச் லைட். எங்கள் பெரிய பிளாஷில் செனன் வாயு நிரப்பிய குழாய் இருக்கும். மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவியில் (கப்பாசிட்டர்) 300 வோல்ற்று அளவுக்கு ஏற்றி வைத்து, ஒரே அடியாக விட்டால், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரத்தில் எல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடும் பிள்ளையும் உறைந்து நிற்கும். போனிலும் முன்பு அப்படி வந்தது, நொக்கியா 808 (2012), லூமியா 1020 (2013) இரண்டிலும் செனன் இருந்தது. ஆனால் கொள்ளளவி இடம் பிடிக்கும், மெல்லிய போனுக்குள் வைக்க ஏலாது. வீடியோவுக்கு எரியவும் மாட்டாது.

எல்இடி அப்படியில்லை. நீல எல்இடிக்கு மேல் மஞ்சளாக ஒளிரும் பொசுபர் பூச்சு, அந்த இரண்டும் கலந்து வெள்ளை. அந்த நீல எல்இடிக்குத்தான் 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் பௌதிக நோபல் கொடுத்தார்கள். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் ஒரு அம்பியர் அளவு ஓட்டத்தை அதற்குள் தள்ளுவார்கள், டோர்ச்சாக எரியவிடும்போது மிகக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் சூட்டில் போய்விடும். எவ்வளவு தள்ளினாலும் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் பிரயோசனம் இல்லை. ஒரு மீற்றரில் கிடைக்கும் வெளிச்சத்தில் நாலு மீற்றரில் பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கும். கடலில் நிற்கும் வள்ளத்துக்கு என்ன போய்ச்சேரும்? கம்பி வேலி கிட்ட இருக்கிறது, அது மட்டும் வாங்கிக்கொண்டது. கடற்காற்றில் வரும் தூவானமும் கற்பூரப் புகையும் இதே மாதிரி முன்னால் வெள்ளையாக விழும்.

படத்துக்கு முன் ஒருமுறை மெல்ல மின்னுவது பழுது என்று நினைக்காதீர்கள், எவ்வளவு அடிக்க வேண்டும், நிறம் என்ன என்று போன் அளந்து பார்க்கிறது. சில போன்களில் வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த எல்இடி ஒன்றும் இருக்கும் (ஐபோன் 5எஸ், 2013), இரண்டையும் கலந்து முகத்தின் நிறத்தைக் கெடுக்காமல் பார்க்கிறார்கள். பொம்பிளையின் முகம் சாம்பலாக விழுந்தால் எனக்கு யார் காசு தருவார்கள்?

மான் கண். மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி, விழித்திரை இன்னொரு தடவை பிடிக்க வைக்கும். இரவில் மேய்கிற பிராணிக்கு அது தேவை. வந்த வழியே திருப்பி அனுப்புவதால், லென்சுக்கு ஒரு விரல் தூரத்தில் பிளாஷ் இருக்கும் போனுக்கு அது நேரே வந்து விழுகிறது. நமக்கு அந்தப் படலம் இல்லை, விழித்திரைக்குப் பின்னால் ஓடும் இரத்தம்தான் சிவப்பாகத் தெரியும். நான் பிளாஷைத் தள்ளிப் பிடிப்பது அதற்காகத்தான். பாவம், அதுகளுக்கு அடிக்கவும் வேண்டாம், மிரளும்.

பிளாஷை நிறுத்திவிட்டு இரவு மோடில் எடுங்கள், அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும். போனை மதிலில் சாய்த்து வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

---

உப்புவெளிப் பொடியன்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. சோதனைப் பக்கத்தில் கையை எடுத்த பிறகும் கிட்ட, கிட்ட என்றே நின்றது. டெம்பர் கிளாசைக் கழற்றினேன், கொஞ்சம் திருந்தியது, ஆனால் பத்துக் கோலில் நாலு கறுத்தே கிடந்தது. எண்ணெயும் துடைத்தேன். கடைசியில் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி முதலில் "போன் விழுந்தது தானே அண்ணா" என்றார், நான் ரப்பர் என்று சொன்னதும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த பழைய திரைகளைக் கிளறினார். என் திரை இருந்தது, அதில் ஒட்டியபடி அரிசி அளவு ரப்பரும் இருந்தது. பூட்டித் தந்தார், காசு வாங்கவில்லை.

கரும்பலகை சேர், ரிமோட்டைக் காட்டினேன். அம்மா பயம் தெளிந்தார், ஆனால் இப்போது ரிமோட்டைத் தலைமாட்டில் வைக்கக்கூடாது என்கிறார்.

வள்ளங்களின் வெளிச்சம் மதிலில் வைத்து எடுத்ததில் அருமையாக விழுந்தது. மான் சரிவரவில்லை. இரவு மோட் மூன்று விநாடி அசையாதே என்கிறது, அதற்குள் அது என் கையில் இருந்த பைக்குள் தலையைப் போட்டுவிட்டது.