எது முன்பக்கம்? (எம்பிராய்டரி அனுபவங்கள்)

மதுரை மல்லி:
போன மாதம் ஊட்டியில் ஒரு தோடர் (நீலகிரிப் பழங்குடி) பாட்டி சால்வை தைத்துக்கொண்டிருந்தார். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் இல்லை, பென்சில் கோடு இல்லை. வெள்ளைத் துணியின் இழையை எண்ணி எண்ணி சிவப்பும் கறுப்புமாக ஊசி ஓடுகிறது. நானோ டிரேஸ் எடுக்காமல் ஒரு பூகூடப் போட்டதில்லை. வாய் சும்மா இருக்காமல், "பின்பக்கமும் அழகா இருக்கே பாட்டி" என்றேன். நூல் மேடிட்டு முரடாக இருந்த அந்தப் பக்கத்தைத் தட்டி, "இதுதான் முன்பக்கம்" என்றார். சிரித்தாரா இல்லையா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து என் தலையணை உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பின்னால் எல்லாம் வெறும் முடிச்சு!

கோவை வாசகி:
முடிச்சை அப்படிச் சொல்லாதீங்க. அம்மா பாதியில் விட்டுப்போன மேசை விரிப்பு என்னிடம் இருக்கிறது. முன்னால் பார்த்தால் பிரெஞ்சு நாட் (சிறு முடிச்சுத் தையல்) பூக்கள், அவ்வளவுதான். பின்னால் நூல் எங்கிருந்து எங்கே தாவியது என்று தெரியும். காம்பு போடுவதற்கு முன்னாடியே பூவைப் போட்டிருக்கிறார்! எங்களுக்கெல்லாம் காம்பில் ஆரம்பிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார். கடைசி பூவில் நீல நூல் ஊசி நீளத்துக்குத் தொங்குகிறது. அதை வெட்ட மனசு வரவில்லை.

ஆரி டீச்சர்:
மல்லி, தோடர் வேலையையும் நம்ம தலையணை உறையையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீங்க. அது 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய கலை. துணியே நெருக்கமில்லாமல் நெய்தது, அதனால்தான் இழை எண்ண முடிகிறது. நெருக்கமாக நெய்த பாப்ளினில் எண்ணிப் பாருங்கள், கண் போய்விடும். சரி, முடிச்சு வேண்டாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீங்க, சிக்கும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இரண்டு அங்குலம் விட்டுத் தையுங்கள், அப்புறம் அந்த வாலைப் பின்னால் நான்கைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிடுங்கள். முடிக்கும்போதும் அப்படியே. ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்கு நூலை இழுத்துப் போகாதீங்க, வெள்ளைத் துணியில் நிழல் தெரியும்.

மதுரை மல்லி:
டீச்சர், நான் முடிச்சுக்கு வைத்தியம் கேட்கவே இல்லையே. கோவை அக்கா, அந்த நீல நூலை வெட்டாதீங்க.