துபாயில் வீட்டு வாடகை: தொடக்கச் செலவு எவ்வளவு?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் துபாய் செல்லவிருக்கிறேன். ஆண்டு வாடகை 60,000 திர்ஹாமுக்கு அடுக்ககம் ஒன்று பேசியிருக்கிறோம். அதற்கு மேல் என்ன செலவாகும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: அறைகலன் இல்லாத வீடென்றால் வழக்கமாக வாடகையில் 5 சதவீதம், அதாவது 3,000 திர்ஹாம், முன்பணமாகக் கேட்பார்கள், தரகர் கட்டணமும் பெரும்பாலும் அதே அளவுதான். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு 2,000 திர்ஹாம் வைப்புத்தொகை உண்டு. பலரும் கணக்கில் விட்டுவிடுவது நகராட்சியின் 5 சதவீத வீட்டுக் கட்டணத்தை. உங்கள் வாடகைக்கு அது மாதம் 250 திர்ஹாமாக மின்கட்டண ரசீதிலேயே சேர்ந்து வரும்.

பதில் 2: ஐயா, ஆண்டு வாடகையை எத்தனை காசோலைகளாக, அதாவது எத்தனை தவணைகளாக, தருவது என்பதை முதலில் பேசிவிடுங்கள். ஒரே காசோலைக்கு வாடகையைக் குறைப்பவர்கள் உண்டு என்றாலும், புதிதாக வருபவர் கைப்பணம் முழுவதையும் அதில் முடக்குவது சரியல்ல என்றே கருதுகிறேன். ஒப்பந்தத்தை இஜாரியில் (வாடகை ஒப்பந்தங்களுக்கான துபாய் அரசின் பதிவு முறை) பதிவுசெய்ய மறக்காதீர்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. நான்கு காசோலைகளுக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.