மழைக்காலத் தோட்டப் பாதைக்கு எந்த டீசல் ஜீப்? ஓட்டியவர்கள் சொல்வது

போடி, ஜீப் ஓட்டுபவர்:

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு வண்டி வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று தம்பி கேட்டிருந்தார். எத்தனை எச்.பி., லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றே எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு குட்டை லீவர்களைப் பாருங்கள்.

நான் ஓட்டுவது பழைய மகிந்திரா எம்.எம். 540. பெஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கப்புறம் தார் ரோட்டை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர் மண் பாதை. ரோட்டில் பஸ்கூட என்னை முந்திப் போகும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்த வண்டிக்கு வேலையே அந்த நாலு கிலோமீட்டரில்தான்.

ஒரு லீவர் முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்று லோ. லோவில் போட்டால் வேகம் 2.46 மடங்கு குறையும், அதே அளவுக்கு இழுவை கூடும். முன் சக்கரத்தைச் சேர்க்காமல் லோ விழாது. அது நல்லதுக்குத்தான். அத்தனை இழுவையும் பின் ஆக்சிலுக்கு மட்டும் போனால் அது தாங்காது.

லோ எதற்கு என்று எனக்கு உறைத்தது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். போன ஐப்பசி, நல்ல மழை. எட்டு மூட்டை பச்சை ஏலக்காய் ஏற்றியிருந்தேன், காய் எடுத்த அக்கா இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் காயை அன்றைக்கே உலர்த்தும் ஸ்டோரில் சேர்க்க வேண்டும், தாமதித்தால் நிறம் மங்கி விலை இறங்கிவிடும். அவசரமாக ஓடையைக் கடந்தேன். தண்ணீர் பாதிச் சக்கரம் வரை இருந்தது. கடந்ததும் செங்குத்தான இறக்கம். பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. நான்கும் டிரம் பிரேக், உள்ளே தண்ணீர் போய், உரசிப் பிடிக்கும் லைனிங் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

நல்ல வேளையாக ஓடைக்கு முன்பே லோவில், முதல் கியரில் போட்டிருந்தேன். கிளட்ச், ஆக்சிலரேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டேன். ஆள் நடக்கிற வேகத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. டீசல் பம்பில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் சுற்று ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும் சுற்றுக்கு, கீழே விழப் பார்த்தால் டீசலைக் கூட்டும், சரிவு தள்ளிச் சுற்று ஏறினால் டீசலைக் குறைக்கும். அதனால் காலே வைக்காமல் மேட்டிலும் ஊரும், பள்ளத்திலும் ஓடிவிடாது. அந்த நேரத்தில் பயத்தில் கிளட்சை மிதித்திருந்தால் எங்கள் மூன்று பேரையும் ஓடையில்தான் தேடியிருப்பார்கள். இப்போதெல்லாம் தண்ணீரைத் தாண்டியதும் சமதளத்திலேயே பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்கத்தில் விடுவேன்.

கம்பம், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி: தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீலை, அதாவது முன் சக்கர இழுவையை, எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், லீவர் சிக்கிக்கொண்டு வெளியே வராது. இப்படிச் சிக்கி வரும் வண்டிகளை மாதம் இரண்டையாவது பார்க்கிறேன்.

அப்புறம் டீசல். தோட்டத்தில் கேனில் வாங்கி வைத்து ஊற்றுவீர்கள், மழையில் கட்டாயம் தண்ணீர் சேரும். ஃபில்டருக்குக் கீழே உள்ள திருகைக் காலையில் தளர்த்தி, கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் குமிழாகத் தனியே நிற்கும், வெறும் டீசல் வரும்வரை விடுங்கள். பழைய வண்டியில் டேங்க் காலியாகி டீசல் குழாயில் ஏர் பிடித்துக்கொண்டால், ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கையால் பம்பு அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கினால் போதும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் காட்டிலேயே முடிந்துவிடும். புது வண்டிகளில் சென்சார் அதிகம். போன வருடம் ஒரு கம்பெனி பிக்கப் ஒரு வயர் அறுந்ததற்கு மூன்று நாள் தோட்டத்திலேயே நின்றது.

சாந்தன்பாறை, தோட்டம் பார்ப்பவர்:

நான் புது வண்டிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களிடமும் பழைய ஜீப்தான் இருந்தது. ஆட்கள் மூட்டை மேல் உட்கார்ந்து வருவார்கள். ஒரு நாள் வளைவில் ஒரு பெண் பிடி நழுவித் தேயிலைச் செடியில் விழுந்தார். கை முறிவோடு போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. அதன் பிறகுதான் பொலேரோ கேம்பர் வாங்கினோம். ஐந்து பேர் கேபினுக்குள் உட்காரலாம், பின்னால் ஏறக்குறைய ஒரு டன் ஏற்றலாம். அதே பெயரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியும் உண்டு, கேட்டு வாங்குங்கள். மலைக்கு ஃபோர் வீல்தான்.

காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. எங்கள் பாதையில் ஆறு மூட்டை ஏற்றி நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி சும்மாதான் நிற்கும்.